கொடிகாமத்திலிருந்து வரும் திங்கட்கிழமை அழைப்பு

போன மாதம் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றுப் போனவனை நினைவு வைத்துக் கூப்பிடுகிற அலுவலகம் எத்தனை இருக்கும்? சந்தோஷமாக வந்தேன். வடையைக் கடித்துக்கொண்டு பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருத்திதான் எடுத்தாள். எடுத்தவளின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "ஓம்... ஓம் அக்கா... சரி அக்கா" என்று வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"ஆரோ ஒரு அக்கா. 'நான் இன்னும் சாகேல்லை, லொறி ஓடுது' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டா. ஆருக்கும் சொல்லவேணுமோ?"

பழைய ஆட்கள் சிரியோ சிரியென்று சிரித்தார்கள். "உது கொடிகாமத்து லொறி, பிள்ளை. ஒவ்வொரு திங்களும் உப்பிடித்தான். பயப்பிடாதை" என்று ஒருவர் தேற்றினார். இன்னொருவர், "செத்தவர் லொறி அனுப்பின கதை உனக்கு ஒருதரும் சொல்லேல்லையோ?" என்று கேட்டு, பேய்க் கதை சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். நானும் வாய்க்குள் வடையை வைத்துக்கொண்டு சிரிப்பதுபோல ஏதோ செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. கழுவினாலும் போகவில்லை.

அந்தக் கதையை நீங்கள் சிரிப்புக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டீர்கள். அது நடந்தபோது அலுவலகத்தில் இருந்தவர்களில் ஒருவன் நான். ஒளித்து வைத்த கதையும் அல்ல. அப்போது எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சொல்லிச் சொல்லி, வெட்கப்பட வேண்டிய இடமெல்லாம் தேய்ந்து, பகிடி மட்டும் மிஞ்சிவிட்டது. அந்த இடங்களைத் திரும்ப எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் ஆர் என்று சொல்லவேண்டும். பல்கலைக்கழகப் படியில் கால் வைத்தவன் அல்ல. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு தொலைபேசிக் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வருகிற தாய் தகப்பன்தான் என் வாடிக்கை. கைத்தொலைபேசி வந்ததும் கடை படுத்துவிட்டது. பழுதாகிக் கிடந்த ஒரு கணினியைக் கழற்றிப் பூட்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். ஆனால் இந்த வேலைக்கு உண்மையில் என்னைத் தயார்படுத்தியது அந்தக் கடைதான். தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று சனம் கதைத்த கதைகள் இன்னும் காதில் நிற்கின்றன. "காசு வேண்டாம், ஒருக்கால் இருமிக் காட்டு, சளி எப்பிடியெண்டு பாப்பம்" என்று மகனிடம் கேட்ட ஒரு தகப்பனை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நாங்கள் நடத்துகிற பதிவகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் நான் ஆட்களுக்கு எப்படிச் சொல்லுவேன் என்பதைச் சொல்கிறேன். ஒரு வியாபாரம் தன் கணினியை மற்றக் கணினிகள் கேள்வி கேட்கிற மாதிரி வாசலைத் திறந்து வைக்கிறது. "நாளைக்கு லொறியில் இடம் இருக்கிறதா?" என்று எங்கோ ஒரு கணினி கேட்கும், இந்தக் கணினி பதில் சொல்லும். அப்படியொரு வாசல் இருக்கிறது என்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் பதிவகம். ஆர் இவர், என்ன செய்கிறார், இவரிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்ற மூன்றையும் எழுதி வைக்கிறோம். தேடுகிறவர் வந்து பார்த்து, நேரே போய்க் கேட்டுக்கொள்வார். உடுப்பிட்டியில் ஒரு சிறிய அச்சகம் தன் விலை சொல்லும் சேவையை எங்களிடம் பதிந்து வைக்க, கொழும்பில் கலியாண அழைப்பிதழ் செய்கிற ஒரு நிறுவனத்தின் மென்பொருள் தானாகவே அதைக் கண்டுபிடித்து வேலை கொடுத்தது. அச்சகக்காரர் எங்களிடம் வந்து, "என்னை ஆரும் தேடி வந்ததே இல்லை, கலியாணம் பேசேக்கையும் நான்தான் தேடிப் போனனான்" என்றார். அப்படிப்பட்ட நாட்களில் இந்த வேலை மிகவும் இனிக்கும்.

எங்களிடம் முதன்முதலாகப் பதிந்த சிலரில் ஒருவர் கொடிகாமத்துச் செல்லத்துரை அண்ணை. கொழும்புக்குக் காய்கறி, பழம் ஏற்றுகிற கூலர் லொறி அவருடையது. குளிரூட்டிய பெட்டி பூட்டிய லொறி அந்தப் பக்கத்தில் அப்போது அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவருடைய கணினியில் சேவையை ஏற்றிக் கொடுக்கப் போனபோது, மீசையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் கணினியைப் பார்த்தார்.

"இனி இது என்ரை பேரிலை ஓமெண்டு சொல்லுமோ?"

"ஓம் அண்ணை. இடம் இருந்தா ஓமெண்டும், இல்லாட்டி இல்லையெண்டும் சொல்லும்."

"அப்ப ஒண்டு சொல்லிப்போடு அதுக்கு. நான் ஓமெண்டு சொன்ன ஓட்டத்துக்கு லொறி போகாமல் விட்டதில்லை. மழையெண்டாலும் சரி, டயர் போனாலும் சரி. அதுவும் அப்பிடி இருக்கட்டும்."

கணினிக்குச் சொல்லிவிட்டேன் என்று நான் பகிடியாகச் சொன்னேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை. தலையாட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் திடீரென்று போய்விட்டார். நெஞ்சுநோ. நாங்கள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லோருமாகச் செத்தவீட்டுக்குப் போனோம். சனமென்றால் அப்படிச் சனம். அவரின் ஒரே மகள் கௌரி, அழுது வீங்கிய கண்ணோடு வாசல் தூணில் சாய்ந்து நின்றாள். சுடலைவரை போய், திரும்பி வீடுகளுக்கு வந்து முழுகினோம்.

திங்கட்கிழமை வந்தது. எங்கள் பதிவகம் கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு சேவையையும் தட்டி, "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வந்தால் பக்கத்தில் பச்சைப் புள்ளி. செல்லத்துரை அண்ணையின் லொறிக்கும் பச்சைப் புள்ளி விழுந்திருந்தது. அவருடைய கணினியை ஆரும் நிறுத்தவில்லை. வீட்டு மூலையில், ஒரு துணியைப் போர்த்தி ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது உள்ளே இருந்துகொண்டு தன் பாட்டுக்கு, "இடம் இருக்கிறது, இடம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நாங்கள் ஒருவரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஒருவர், "அண்ணையின்ரை லொறி இன்னும் பச்சையாக் கிடக்கு" என்றார். இன்னொருவர், "பாவம்" என்றார். நான் பெருமூச்சு விட்டேன். எங்கள் பொறுப்பாளர், எங்கள் எல்லோரையும்விட வயது குறைந்த பெண், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம், ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு தேத்தண்ணி வந்தது. அவ்வளவுதான்.

பதிவை நிறுத்துவதென்றால் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும். அதாவது செத்தவீட்டுக்குத் தொலைபேசி எடுத்து வியாபாரம் கதைக்கவேண்டும். எங்கள் ஊரில் அது எப்படி முடியும்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அந்த வாசலில் தொழிற்கதை கதைப்பவனை மனிசன் என்றே மதிக்கமாட்டார்கள். அதைவிட, அவருடைய பெயருக்குப் பக்கத்தில் "நிறுத்தப்பட்டது" என்று எழுத எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அந்தக் காலமையில் எங்களுக்கு எங்களைப் பற்றி மிக நல்ல எண்ணம் இருந்தது. மரியாதை தெரிந்தவர்கள், துக்க வீட்டைத் தொந்தரவு செய்யாதவர்கள் என்று. இப்போது நினைக்க அந்த நல்ல எண்ணம்தான் முதலில் சுடுகிறது.

அதே கிழமை, இன்னும் எட்டாம் நாள் சடங்கும் முடியவில்லை, காலையில் ஒரு அழைப்பு வந்தது. நான் எடுத்தேன்.

"அண்ணை, வணக்கம். உரும்பிராயிலையிருந்து வசந்தி கதைக்கிறன். லொறி எங்கை வந்துகொண்டு நிக்குதெண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுவியளோ?"

"எந்த லொறி, தங்கச்சி?"

"கூலர் லொறி. கொழும்புக் கடையின்ரை கொம்பியூட்டர் உங்கடை பதிவகத்திலைதான் தேடிப் பிடிச்சதாம். காலமை வரும் எண்டு பதில் வந்தது. வெய்யில் ஏறுது அண்ணை. முந்திரிகை எல்லாம் வெட்டிப் பெட்டியிலை அடுக்கிப்போட்டம்."

முந்திரிகை என்று எங்கள் சனம் சொல்வது திராட்சையை. வசந்திக்கு உரும்பிராயில் திராட்சைத் தோட்டம். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லோரிடமும் காலங்காலமாக ஒரே வியாபாரிதான் வீட்டு வாசல் படலைக்கு வந்து, தான் சொன்ன விலைக்குக் குலைகளை ஏற்றிக்கொண்டு போவார். முதன்முறையாகக் கொழும்பில் ஒரு பெரிய கடை வசந்தியிடம் நேரே கேட்டிருந்தது. முதல் சுமை சரியாக வந்தால் இனி எல்லாப் போகமும் உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தார்கள். அவர் தனியாக அனுப்பவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் சிலரையும் நாளெல்லாம் கெஞ்சிச் சேர்த்திருந்தார். படலை வியாபாரி கேள்விப்பட்டு, "கொழும்புக்காரி ஆகப்போறியோ?" என்று கேட்டாராம். "ஆகிக் காட்டுறன் பாருங்கோ" என்று இவர் சொன்னாராம். அந்தச் சொல்லை நம்பித்தான் அயலவர்கள் விடியமுன் குலைகளை வெட்டிக் கொண்டுவந்து அவர் முற்றத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். வெட்டின திராட்சை வெய்யிலில் காத்திருக்காது.

கொழும்புக் கணினி செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் எதற்காகப் பதிவகம் கட்டினோமோ அதையே செய்தது. தேடியது, பச்சைப் புள்ளியைக் கண்டது, கேட்டது. துணிக்குள் இருந்த கணினி, "இடம் உண்டு, லொறி வரும்" என்றது. உறுதிச் செய்தி செல்லத்துரை அண்ணையின் கைத்தொலைபேசிக்குப் போனது. அது அவருடைய மற்றப் பொருட்களோடு அலுமாரிக்குள் நிறுத்திக் கிடந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரு நிமிசம் பொறுங்கோ தங்கச்சி, பாக்கிறன்" என்றேன். பார்க்க என்ன இருந்தது? சுடலைவரை நடந்து போனவன் நான். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு திரையில் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றப் பக்கத்தில் வசந்தி முற்றத்துச் சனத்துக்குச் சொல்வது கேட்டது: "பாக்கினமாம்... பொறுங்கோ, பாக்கினமாம்."

மிஸ் என் கையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, நான் இந்தப் பதிவகத்துக்குப் பொறுப்பான ஆள். அந்த லொறிக்கார ஐயா போன கிழமை காலமாகிட்டார். எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் நாங்கள் பதிவை மாத்தேல்லை. இண்டைக்கு அந்த லொறி வராது. பெட்டியளை நிழலுக்கை எடுத்து ஈரச்சாக்கு போடுங்கோ. வேறை வழி பாத்து நான் உங்களுக்கு எடுக்கிறன்."

முகத்துக்கு நேரே, ஒன்றும் பூசாமல். எனக்கு வாயில் வராத சொல் அவருக்கு எப்படி வந்தது என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் தொலைபேசியை வைத்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ மிஸ், என்ன வெக்கக்கேடு" என்று தொடங்கினேன்.

"அண்ணை, வெக்கத்தைப் பின்னேரம் படுவம். இப்ப லொறி தேடுவம்."

நான் வாழ்க்கையில் கேட்ட சொற்களிலே இதற்கு ஒரு தனி இடம் வைத்திருக்கிறேன். ஒரு பிழை வெளியே தெரிந்த நேரத்தில் மனிசனுக்குத் தன் முகத்தைப் பற்றிய யோசனைதான் முந்தி வரும். முற்றத்தில் பெட்டி காய்ந்துகொண்டிருப்பது பிறகுதான் நினைவுக்கு வரும். இந்தத் தொழிலில் நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்பீர்கள். அப்போது பின்னேரம் என்று ஒன்று இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேடினோம். இந்த முறை புள்ளியைப் பார்த்து அல்ல, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டு. பிறகு வந்த கூலர் லொறிகளில் ஒன்று கொழும்பில் நின்றது. ஒன்று திருத்துமிடத்தில். குருநகரில் மீன் ஏற்றுகிற ஒருவர் உடனே வரத் தயார் என்றார். ஆனால் அவரே, "அண்ணை, பிறகு என்னைப் பேசக்கூடாது. என்ரை லொறியிலை ஏத்தினா உங்கடை முந்திரிகை கொழும்பு போய்ச் சேரேக்கை நெத்தலியாப் போயிடும்" என்றார். அந்த அவதியிலும் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு லொறி. கொடிகாமத்தில் செத்தவீட்டு வளவுக்குள் நின்ற லொறி. எல்லோருக்கும் அது தெரியும். 

"போய்க் கேப்பம்" என்றார் மிஸ். "செத்தவீட்டிலையோ?" என்றேன். "ஓம். முதலிலை கேட்டிருக்க வேண்டிய இடம் அதுதானே" என்றார்.

என் மோட்டார் சைக்கிளில் போனோம். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வாசலில் வெள்ளைக்கொடி அப்படியே நின்றது. வளவுக்குள் லொறி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அதன் நிழலில் சாரதி குந்தியிருந்தார். வேலை இருக்கிறதா இல்லையா என்று துக்க வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, நாள்தோறும் வந்து லொறியைக் கழுவிவிட்டுப் போகிறாராம். எங்களைப்போல இன்னொருவர்.

கௌரி வெளியே வந்தாள். நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த இதமான சொற்களைத் தொடங்கினேன். "பிள்ளை, அப்பா எண்டா... இந்த நேரத்திலை வந்து... என்னெண்டு சொல்லுறது..." என்று இழுத்துக்கொண்டு நின்றேன். மிஸ் இடைமறித்து நடந்ததை நடந்தபடி சொன்னார். கௌரி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா வாறனெண்டு சொன்னதெண்டோ அவை இருக்கினம்?"

"அப்பா இல்லைப் பிள்ளை, அந்த மெசின்தான்" என்றேன் அவசரமாக.

"மெசின் ஆரின்ரை பேரிலை சொன்னது, மாமா?"

 அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்தக் கிழமை முழுக்க வாற சனமெல்லாம் 'சாப்பிட்டியோ பிள்ளை, படுத்தியோ பிள்ளை' எண்டு கேக்குது. லொறி என்ன மாதிரியெண்டு ஒருதர் கேக்கேல்லை. எனக்கு இரவு பகல் அதுதான் யோசினை. கேக்கிறதுக்கு ஆளில்லாமல் இருந்தனான். நீங்கள் ஒரு போன் எடுத்திருந்தா நான் அண்டைக்கே எழும்பி வந்து அந்த வயரைக் கழட்டியிருப்பன். அப்பா உயிரோடை இருக்கேக்கை ஒருதரையும் ஏமாத்தேல்லை, மாமா. செத்தாப் பிறகு நீங்கள் அவரை ஏமாத்துக்காரர் ஆக்கிப்போட்டியள்."

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதக் கை வராதவர்கள் நாங்கள். எழுதாமல் விட்டதால் அந்தப் பெயருக்கு என்ன செய்துவிட்டோம் என்று அந்த முற்றத்தில்தான் விளங்கியது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாரதி எழும்பிப் பக்கத்தில் வந்து நின்றார்.

கௌரி அவரிடம் திரும்பினாள். "அண்ணை, டீசல் கிடக்கோ?"

"கிடக்குப் பிள்ளை."

உள்ளேயிருந்து அவளுடைய சித்தப்பா விறுவிறென்று வந்தார். "என்ன பிள்ளை இது? எட்டு முடியேல்லை. தீட்டு, துடக்குள்ள வீட்டு லொறியை எடுக்கிறதோ? தின்னுற சாமான் ஏத்துற லொறி. சனம் என்ன கதைக்கும்?"

"கொழும்பிலை தின்னுற சனத்துக்கு எங்கடை துடக்குத் தெரியாது, சித்தப்பா. உரும்பிராயிலை இருக்கிறவைக்குச் சொல்லுவம். அவை வேண்டாமெண்டா விடட்டும். இந்த முறை கேட்டுச் செய்வம்."

கடைசிச் சொல்லை அவள் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மிஸ் வசந்திக்கு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, விஷயத்தைச் சொன்னார். அங்கே முற்றத்தில் குசுகுசுப்பு எழுந்தது. ஒரு வயதான குரல், "எனக்குக் கோயில் விரதம் நடக்குது, நான் குறை சொல்லேல்லை, என்ரை பெட்டியளை மட்டும் எடுக்கிறன்" என்றது. மற்றவர்கள் ஏற்றச் சொன்னார்கள். பிறகு வசந்தி தனியாகக் கதைத்தார்.

"அந்தப் பிள்ளை பக்கத்திலை நிக்கிறாவோ? அவவுக்குச் சொல்லுங்கோ, செத்தவீட்டுக்கு நான் வரேல்லையெண்டு குறை நினைக்க வேண்டாமெண்டு. ஆளைத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வந்திருப்பன்."

குலையெல்லாம் வாடிக்கொண்டிருக்கிறது. அயல் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் மன்னிப்புக் கேட்கிறார். கேட்கவேண்டிய நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம்.

லொறி வெளிக்கிட்டது. செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது வாறன் என்று சொல்வதில்லையே. நாங்களும் சொல்லாமல் பின்னால் போனோம்.

இதிலே நல்ல முடிவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அலுவலகத்துப் பகிடிக் கதையும் இங்கேதான் முடியும்: மகள் லொறியை அனுப்பினாள், எல்லாம் சுபம் என்று. அப்படி நடக்கவில்லை. உரும்பிராயில் ஏற்றி முடிக்கும்போதே மதியம் திரும்பிவிட்டது. கொழும்புக் கடையில் சாமான் எடுக்கிற நேரம் கடந்துதான் லொறி போய்ச் சேர்ந்தது. வெய்யிலில் இருந்த பெட்டிகளில் பழம் காம்பைவிட்டு உதிர்ந்திருந்தது. கொஞ்சத்தை எடுத்தார்கள், மிச்சத்தைத் திருப்பினார்கள். அவர்களுடைய மென்பொருள் வசந்தியின் பெயரில் "தாமதம்" என்று பதிந்துகொண்டது. ஏன் தாமதம் என்று அது ஆரையும் கேட்கவில்லை. அடுத்த ஓடர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்தக் கடைக்கு நாங்கள் எழுதினோம், பிழை எங்களுடையது என்று. நல்ல முறையில் நன்றி சொல்லிப் பதில் அனுப்பினார்கள். ஓடர் திரும்பவில்லை.

மிஸ்ஸும் நானும் உரும்பிராய்க்கு மன்னிப்புக் கேட்கப் போனோம். வசந்தி கதிரை போட்டு இருத்தினார். திரும்பி வந்த பழத்தில் பிழிந்த ரசம் தந்தார். இனிப்பாகத்தான் இருந்தது. எங்களால் வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

"நானும் உங்கடை இடத்திலை இருந்தா அப்பிடித்தான் விட்டிருப்பன், அண்ணை. செத்தவீட்டை ஆர் போய்க் கேக்கிறது?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "படலைக்காரர் நேற்று வந்தவர். 'என்ன கொழும்புக்காரி, வந்திட்டியோ?' எண்டு கேட்டார்" என்றார். அயலவர்கள் இப்போது அவரிடம் யோசனை கேட்க வருவதில்லை என்பதைச் சிரிக்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு எந்த ஆண்டும் அவர் கொழும்புக்கு அனுப்ப முயன்றதாக நான் அறியவில்லை.

பின்னேரம் படுவம் என்று மிஸ் தள்ளி வைத்த வெட்கத்தை அன்றைக்கு, அந்த ரசக் கோப்பையோடுதான் பட்டோம். அது ஒரு பின்னேரத்தில் முடிகிற அளவு இல்லை.

அந்தக் கிழமைதான் பதிவகத்தில் பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் வந்தது: "ஆளோடு கதைத்தது". கணினி பதில் சொன்னாலும், கிழமைக்கு ஒருமுறை நாங்கள் ஒரு மனிதக் குரலைக் கேட்டால்தான் அது நிரம்பும். நீங்கள் அதைக் கரைச்சலான வேலை என்று புறுபுறுப்பது எனக்குத் தெரியும். "மெசின்தானே பாக்குது, பிறகேன் அண்ணை கூப்பிட்டுக் கேக்கிறது?" என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டார். ஆர், என்ன, எப்படிக் கேட்பது என்று எழுதினோமே, இப்போதும் இருக்கிறாரா என்பதற்கு இடம் விடவில்லை, தம்பி. அந்த ஒன்றை மட்டும் இன்னொரு மெசினிடம் கேட்கமுடியாது.

கௌரி லொறியைத் தன் பெயருக்கு மாற்றி, எங்களிடமே திரும்பப் பதிந்தாள். அந்தியேட்டி முடிந்த முதல் திங்கட்கிழமை, நாங்கள் கூப்பிடமுன் அவளே எடுத்தாள். "நான் இன்னும் சாகேல்லை. லொறி ஓடுது" என்று சொல்லி வைத்தாள். அடுத்த திங்களும் அப்படியே. முதலில் ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் எரிந்தது. பிறகு பழகியது. பழகினதுதான் பிழை. எரிச்சல் போய், அது பகிடியானது. திங்கட்கிழமை அவள் எடுப்பாள் என்று நம்பி, நாங்கள் அவளுக்கு எடுப்பதையே விட்டுவிட்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு திங்கட்கிழமை அந்த அழைப்பு வரவில்லை. பச்சைப் புள்ளி இருந்தது. அவளுக்குச் சுகமில்லை என்று முந்தின கிழமை ஆரோ சொல்லியிருந்தார்கள். காலமை பத்துமணித் தேத்தண்ணி வந்து போய், மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வந்தது. ஒருவர், "கொடிகாமம் இன்னும் எடுக்கேல்லை" என்றார். இன்னொருவர், "எடுப்பா" என்றார். மிஸ் அப்போது வேறு இடத்துக்கு மாறிப் போயிருந்தார். எல்லோரும் தொலைபேசியைப் பார்த்தோம். நான் பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சு எனக்கே தெரிந்த பெருமூச்சு. முன்பு ஒரு திங்கட்கிழமை விட்ட அதே பெருமூச்சு. கேட்டதும் உடம்பெல்லாம் கூசிப் போய், எண்ணை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பிள்ளை, கொடிகாமந்தானே? நீ இருக்கிறியோ? லொறி ஓடுதோ?"

"இருக்கிறன், மாமா. ஓடுது." கொஞ்சம் இருமினாள். "காலமையிலையிருந்து போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருக்கிறன், எடுக்கிறியளோ எண்டு பாப்பமெண்டு."

"எடுத்திட்டன்தானே, பிள்ளை."

"ஓம், எடுத்திட்டியள்" என்றாள். "மத்தியானமாப் போச்சு, மாமா."